ஒரே கல், மூன்று சட்டை: புற்றுநோய் வார்டுக்குள் வந்த காந்தத் துகள்

பீக்கரில் மஞ்சள் கலந்த பழுப்புக் கரைசல். ஃபெர்ரிக் குளோரைடு இரண்டு பங்கு, ஃபெர்ரஸ் குளோரைடு ஒரு பங்கு. அமோனியாவை ஊற்றிக் கலக்கினால் கண்ணெதிரே கன்னங்கரேலென்று மாறிவிடும். பீக்கருக்கு வெளியே ஒரு காந்தத்தைக் காட்டினால் கறுப்பு முழுக்க அந்தப் பக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். கிடைப்பது மேக்னடைட், இரும்பு ஆக்சைடு. சேலம் பக்கம் கஞ்சமலையில் பாறையோடு பாறையாகக் கிடக்கிற அதே கனிமம். என்ன, இங்கே ஒரு துகளின் குறுக்களவு பத்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு.

இந்தக் கறுப்பு வண்டலைக் கொண்டு புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம், சுட்டும் அழிக்கலாம் என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறார்கள். அதில் மூன்று முயற்சிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நல்ல முடிவுகளைக் காட்டியும் அங்கீகாரம் வாங்க முடியாமல் நின்றது. இன்னொன்று அங்கீகாரம் வாங்கியும் நொடித்தது. மூன்றாவது, பெரிய பேச்சு எதுவும் இல்லாமல் அறுவை அரங்குக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றுக்கும் உள்ளே இருப்பது இரும்பு ஆக்சைடுதான். மேலே போர்த்திய சட்டை வேறு. அதை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் என்ன கேட்டார்கள் என்பதும் வேறு.

உடலுக்குப் பழக்கமான கல்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கல்லைப் பொடி செய்து ரத்தத்தில் ஏற்றினால் உடல் சும்மா இருக்குமா? இரும்பு விஷயத்தில் உடலுக்கு இது புதிதே இல்லை. நம் ஒவ்வொருவர் உடலிலும் ஃபெரிட்டின் என்ற புரதம் இருக்கிறது. சுமார் 12 நானோமீட்டர் அகலமுள்ள உருண்டைக் கூடு அது. உள்ளே 4,500 வரை இரும்பு அணுக்களைக் கனிம வடிவில் அடைத்து வைத்துக்கொள்ளும். ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே நம் கல்லீரல் கனிம நானோத் துகள் தயாரித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

வெளியிலிருந்து வரும் இரும்பு ஆக்சைடுத் துகளைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் விழுங்கி, மெல்லக் கரைத்து, இரும்பை எடுத்துச் சேமிப்பில் போடுகின்றன. கதிரியக்க இரும்பால் குறியிட்ட துகள்களை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது, அந்த இரும்பு பிறகு ஹீமோகுளோபினுக்குள் போயிருந்தது. நேற்றைய மருந்து இன்றைய ரத்தம். அளவும் பயப்படும்படி இல்லை. ஸ்கேனுக்குக் கொடுத்தது கிலோவுக்கு 2.6 மில்லிகிராம் இரும்பு; 60 கிலோ எடையுள்ளவருக்கு 156 மில்லிகிராம். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் போகும் இரும்பு அதைவிட அதிகம்.

ஆனால் 'உடலுக்கு ஒத்துப்போகும்' என்ற சொல்லை இந்தத் துறையில் இரண்டு அர்த்தத்தில் புழங்குகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உடல் செரித்துக்கொள்வது. மற்றது, உடல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது. சோறும் பல்லில் அடைத்த சிமென்ட்டும் வாய்க்கு ஒத்துப்போகின்றன. ஒரே விதமாக இல்லை. இரும்பு ஆக்சைடின் சுவாரசியமே, சட்டையை மாற்றி அதை இரண்டு பக்கமும் நிறுத்தலாம் என்பதுதான்.

முதல் சட்டை: சர்க்கரைச் சங்கிலி

புரோஸ்டேட் புற்றுநோயோடு ஒருவர் அறுவைக்கு வருகிறார். இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவிவிட்டதா? சிகிச்சைத் திட்டமே இந்த ஒரு பதிலில் தொங்கும். கழுத்திலோ அக்குளிலோ என்றால் 'நெறி கட்டியிருக்கு' என்று பாட்டிகூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். இடுப்பெலும்புக்குள் யார் தடவுவது? சி.டி.யும் சாதாரண எம்.ஆர்.ஐ.யும் கணுவின் அளவைத்தான் பார்க்கின்றன. 8 முதல் 10 மி.மீ.க்கு மேலே போனால் சந்தேகம், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுவது. 5 மி.மீ. கணுவுக்குள் குடியேறக் கூடாது என்று புற்றுநோய்க்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அமெரிக்காவில் அட்வான்ஸ்டு மேக்னெட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஃபெருமாக்ஸ்ட்ரான்-10 இந்த இடத்துக்குத்தான் வந்தது. காம்பிடெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1996இல், ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்துக்குக் கல்லீரல் ஸ்கேனுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்திருந்தது. அது பெரிய துகள். ஏற்றிய சில நிமிடங்களிலேயே கல்லீரல் வாரிக்கொள்ளும். ஃபெருமாக்ஸ்ட்ரானில் துகள் சிறியது. மேலே டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி அடர்த்தியாகப் போர்த்தியிருக்கும். சட்டையோடு சேர்த்து ஏறக்குறைய 30 நானோமீட்டர். கல்லீரலின் கண்ணில் சட்டென்று படாமல் ரத்தத்தில் வெகுநேரம் சுற்றும், மெல்ல நாளங்களை விட்டுக் கசியும், நிணநீரோடு சேர்ந்து கணுக்களுக்குப் போகும். அங்கே உள்ள விழுங்கணுக்கள் அதைத் தின்னும்.

முதல் நாள் அரைமணி நேரம் டிரிப்ஸில் ஏற்றி, மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். துகள் சேர்ந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. சிக்னல் செத்துவிடும். ஆரோக்கியமான கணு அடுப்புக்கரி மாதிரி கறுத்திருக்கும். புற்றுநோய் பிடித்த கணுவில் விழுங்கணுக்கள் இருந்த இடத்தைப் புற்றுச் செல்கள் ஆக்கிரமித்திருப்பதால் துகள் தங்காது. அது வெள்ளையாகவே நிற்கும். பாதிக் கணுவில் நோய் இருந்தால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த மருந்து புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. ஆரோக்கியத்தைத் தேடிப் போய் அதற்குக் கறுப்பு பூசுகிறது. பூசாமல் விட்டது எது என்று பார்த்து நோயைச் சொல்கிறோம். வீடு வீடாகப் போய், ஆள் இருக்கும் வீட்டுக் கதவில் கோடு போட்டு வருகிற கணக்கெடுப்பு மாதிரி. இந்தத் தந்திரத்தின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கணுவுக்குள் கொழுப்போ வடுவோ இருந்தாலும் கோடு விழாது, அதுவும் நோய்போலத் தோன்றும்.

முடிவுகள் எப்படி இருந்தன? பாஸ்டனில் முகேஷ் ஹரிசிங்கானி, ரால்ஃப் வைஸ்லெடர் ஆகியோரும் நெதர்லாந்தின் நைமேகனில் யெல்லே பாரன்ட்ஸ் குழுவும் சேர்ந்து 80 புரோஸ்டேட் நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. எடுத்துச் சோதித்த 334 கணுக்களில் 63இல் புற்றுநோய் இருந்தது. அவற்றில் 45, அளவை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் 'ஒன்றுமில்லை' என்று விட்டிருக்கக்கூடிய கணுக்கள். கணு கணுவாகக் கணக்கிட்டால் சாதாரண எம்.ஆர்.ஐ. 35.4 விழுக்காட்டைப் பிடித்தது. துகளோடு எடுத்த எம்.ஆர்.ஐ. 90.5 விழுக்காட்டை. 2008இல் நெதர்லாந்திலிருந்து 375 பேரை வைத்து வந்த ஆய்வில் சி.டி.க்கு 34 விழுக்காடு, துகள் எம்.ஆர்.ஐ.க்கு 82 விழுக்காடு. பெரிய ஆய்வில் எண் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். இறங்கியும் இடைவெளி மலைபோல இருக்கிறது.

இருந்தும் நின்றுபோனது. 2005 மார்ச்சில் அமெரிக்க அமைப்பின் புற்றுநோய் மருந்து ஆலோசனைக் குழு அங்கீகாரத்துக்கு எதிராக வாக்களித்தது. நிறுவனம் அனுமதி கேட்டது புரோஸ்டேட்டுக்கு மட்டுமாக இருக்கவில்லை. நிணநீர்க் கணுவுக்குப் பரவும் அபாயமுள்ள புற்றுநோய்கள் பலவற்றுக்கும் சேர்த்துக் கேட்டது. பல உறுப்புகளின் தரவையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தால், குழு மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும். எண்ணிக்கை போதாது என்றுதான் சொல்லும். ஐரோப்பாவில் இதே மருந்தைச் சினெரெம் என்ற பெயரில் கொண்டுவரப் பார்த்த கெர்பே நிறுவனம் 2007 டிசம்பரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

என் கணிப்பு இது: அறிவியல் தோற்கவில்லை, கேட்ட கேள்வி பெரிதாகிவிட்டது. 'புரோஸ்டேட் அறுவைக்கு முன், இடுப்புக் கணுவில், இந்த ஒரு முடிவை எடுக்க' என்று மட்டும் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இன்னொரு சங்கடமும் இருந்தது. படத்தைப் படிப்பது எளிதில்லை. நோயாளி இரண்டு நாள் வர வேண்டும், பத்து இருபது கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பழகிய கண் பார்க்க வேண்டும். நைமேகனில் அந்தக் கண் இருந்தது. எல்லா ஊரிலும் இருக்காது.

பாரன்ட்ஸ் விடவில்லை. 2010களில் நைமேகனில் ஃபெருமாக்ஸ்ட்ரானை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் மூன்றாம் கட்ட ஆய்வும் தொடங்கியது. அதற்குள் வேறு போட்டியாளர் வந்துவிட்டார். புரோஸ்டேட் புற்றுச் செல்லின் மேல் அதிகமாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் ஒட்டும் கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன், புற்றுச் செல்லையே நேரடியாகத் தேடிப் பிடிக்கிறது. கேலியம்-68 வகைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. மிகச் சிறிய கணுவில் துகளின் கை ஓங்கியிருக்கலாம் என்று நைமேகன்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் காலி நாற்காலியில் உட்காருவது வேறு, ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கேட்பது வேறு.

ஒரு கிளைக்கதை. அதே அட்வான்ஸ்டு மேக்னெட்டிக்ஸ், ஏமேக் என்று பெயரை மாற்றிக்கொண்டு, ஃபெருமாக்ஸிடால் என்ற சகோதரத் துகளுக்கு 2009இல் அனுமதி வாங்கியது. எதற்கு? சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு. படம் பிடிக்க வந்த துகள் கடைசியில் இரும்பு டானிக்காகப் பிழைத்தது. 2015இல் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை குறித்து அதன் அட்டையில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டார்கள். கனிமத்தை உடல் செரித்துக்கொண்டாலும், துகள் உள்ளே நுழையும் முதல் சில நிமிடங்களில் நோயெதிர்ப்பு மண்டலம் அதை எப்படிப் பார்க்கும் என்பது வேறு கணக்கு.

இரண்டாவது சட்டை: நகராமல் உட்கார வைக்க

இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புப் பாத்திரம் சுடும், அலுமினியச் சட்டி சுடாது, கையை வைத்தாலும் சுடாது. மாறும் காந்தப்புலம் ஏற்ற பொருளைத் தேடிச் சூடாக்குகிறது. கட்டிக்குள் இரும்பைப் போட்டு வெளியே காந்தப்புலத்தை ஓட்டினால் கட்டி மட்டும் வேகாதா? சிகாகோவில் கில்கிறிஸ்ட் என்ற அறுவை மருத்துவரும் கூட்டாளிகளும் 1957இலேயே இதைச் செய்து பார்த்தார்கள். 20 முதல் 100 நானோமீட்டர் வரையிலான இரும்பு ஆக்சைடுத் துகளை நாய்களின் நிணநீர்க் கணுக்களில் சேர்த்துச் சூடேற்றினார்கள். அங்கேயும் அதே கணு.

அடுப்பு உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. பாத்திரத்தில் சுழல் மின்னோட்டம்தான் பெரும்பகுதிச் சூட்டைத் தருகிறது. பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர் துகளில் அதற்கு இடமே இல்லை. அங்கே துகளின் காந்த முனை ஒவ்வொரு முறையும் புலத்தோடு திரும்பப் பார்த்துப் பின்தங்குகிறது. அந்த இழுபறிதான் வெப்பமாகிறது. புலத்தை நிறுத்தினால் துகளுக்குக் காந்தமே இல்லாத மாதிரி ஆகிவிடும், அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயை அடைக்காது. சுழல் மின்னோட்டத் தொல்லை உடல் பக்கம் இருக்கிறது. புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் துகள் இல்லாத நல்ல தசையும் சுட ஆரம்பித்துவிடும்.

பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஆண்ட்ரியாஸ் யோர்டான் இந்த யோசனையைப் பல ஆண்டுகள் வளர்த்தார். அதிலிருந்து பிறந்தது மேக்ஃபோர்ஸ் நிறுவனம். துகளுக்கு நானோதெர்ம் என்று பெயர். கரு 12 நானோமீட்டர், மேலே அமினோசிலேன் பூச்சு. டெக்ஸ்ட்ரான் சட்டை துகளை ஊர் சுற்றவிட்டது என்றால், இந்தச் சட்டை துகளைக் கட்டிக்குள் போட்ட இடத்திலேயே உட்கார வைப்பதற்கு.

நோய், மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்றுக்கட்டி. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசி வழியே சில மில்லிலிட்டர் கறுப்புத் திரவத்தைக் கட்டிக்குள் விடுகிறார்கள். வெப்பத்தை அளக்க ஒரு மெல்லிய குழாயும் உள்ளே வைக்கப்படுகிறது. பிறகு 100 கிலோஹெர்ட்ஸில் மாறும் காந்தப்புலத்துக்குள் தலையை வைத்து, வாரம் இரண்டு முறை, மொத்தம் ஆறு அமர்வுகள். கூடவே கதிர்வீச்சும் உண்டு. கட்டிக்குள் உச்ச வெப்பம் 51 டிகிரியை ஒட்டிப் போனது. 66 பேருக்குச் செய்ததில் 59 பேர் நோய் திரும்ப வந்த கிளையோபிளாஸ்டோமாக்காரர்கள். நோய் திரும்பியதாகத் தெரிந்த நாளிலிருந்து அவர்களுடைய இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 13.4 மாதம் என்று 2011இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய அனுமதி 2010இலேயே வந்துவிட்டது.

சரி, எங்கே இடித்தது? முதல் இடி, ஒப்பிட ஆள் இல்லாதது. இந்தச் சிகிச்சை பெறாத இன்னொரு குழுவைப் பக்கத்தில் வைத்து ஆய்வு நடக்கவில்லை. பழைய ஆய்வுகளில் வந்த எண்களோடுதான் ஒப்பிட்டார்கள். அறுவைக்குத் தாங்குகிற நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தாலே ஆயுள் கூடுதலாகத் தெரியும் என்பது இந்த நோயைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது இடி, நோயாளியின் வாயில். காந்தப்புலத்துக்குப் பக்கத்தில் உலோகம் இருந்தால் அதுவும் சுடும். சிகிச்சை இடத்திலிருந்து 40 செ.மீ.க்குள் உள்ள பல் அடைப்பு, உலோகத் தொப்பி, உள்வைப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்கும் ஒருவரை முதலில் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் முடிச்சு. போன பகுதியில் எம்.ஆர்.ஐ. படத்தைக் கறுப்பாக்கியதே துகளின் பெருமையாக இருந்தது. இங்கே அதே கறுப்பு எதிரியாகிவிட்டது. கட்டிக்குள் அத்தனை இரும்பு உட்கார்ந்திருந்தால் அந்தப் பகுதி எம்.ஆர்.ஐ.யில் ஒரு கரும்பொட்டு, அவ்வளவுதான். மூளைக் கட்டி வளர்கிறதா சுருங்குகிறதா என்று பார்க்க மருத்துவர்களுக்கு இருக்கும் முதல் கருவியே எம்.ஆர்.ஐ.தான். சிகிச்சை அதன் கண்ணைக் கட்டிவிட்டது. துகள் அங்கேயே தங்கியதற்குச் சான்றும் உண்டு. இறந்த நோயாளிகள் மூவரின் மூளையை ஆராய்ந்தபோது, துகள்கள் கட்டி செத்த பகுதிகளில் திரளாகவும் விழுங்கணுக்களுக்குள்ளும் கிடந்தன. உட்கார வைக்கப் போட்ட சட்டை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

மேக்ஃபோர்ஸ் ஜெர்மனியிலும் போலந்திலும் சிகிச்சை மையங்கள் வைத்தது, அமெரிக்காவில் புரோஸ்டேட்டுக்கு முயன்றது. 2022இல் திவாலானது.

இடையில், இன்னொரு கனிமம்

கண்டுகொள்ளாமல் விடப்படும் வகைக்கு ஹாஃப்னியம் ஆக்சைடு நல்ல உதாரணம். பாரிஸின் நானோபயோடிக்ஸ் தயாரித்த 50 நானோமீட்டர் துகள் இது. கட்டிக்குள் ஊசியால் போட்டுவிட்டு வழக்கமான கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். ஹாஃப்னியம் கனமான அணு என்பதால் எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சி, சுற்றியுள்ள செல்களில் சேதத்தைக் கூட்டுகிறது. மென்திசுப் புற்றுநோயில் நடந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் கட்டி ஏறக்குறைய முழுதாகச் செத்திருந்தது. 2019இல் ஐரோப்பிய அனுமதி. இங்கே ஒப்பிடும் குழு இருந்தது என்பதையும், மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் இயந்திரமே போதும் என்பதையும் மேக்ஃபோர்ஸ் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது சட்டை: ஒரு சின்னக் கேள்வி

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்தால் கை வீங்கிப் போகும். அதனால் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு காவல் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவை எவை என்று காட்ட வழக்கமாகப் பயன்படுவது நீலச் சாயமும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளும். டெக்னீஷியத்தின் அரைவாழ்வு 6 மணி நேரம். வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அதற்கான மூலப்பொருள் உலகில் சில அணு உலைகளில்தான் தயாராகிறது. 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை ஓராண்டுக்கும் மேலாக நின்றபோது பல நாடுகளில் ஸ்கேன் பட்டியல்களே தள்ளிப்போயின. அணு மருத்துவத் துறை இல்லாத ஊரில் இந்த வழியே இல்லை.

மேக்ட்ரேஸ் என்ற திரவத்தில் இருப்பது கார்பாக்ஸி டெக்ஸ்ட்ரான் போர்த்திய இரும்பு ஆக்சைடு. இங்கிலாந்தின் எண்டோமேக் நிறுவனம் கொண்டுவந்தது. மார்பில் ஊசி போட்டால் நிணநீரோடு போய்க் காவல் கணுவில் மாட்டிக்கொள்ளும். கையடக்கக் காந்த ஆய்வுக்கோலை அக்குளில் வைத்து நகர்த்தினால், இரும்பு இருக்கும் இடத்தில் சத்தம் ஏறும். திறந்து பார்த்தால் கணு பழுப்பாகவோ கறுப்பாகவோ கண்ணுக்கே தெரியும். 160 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில் பழைய முறை 95.0 விழுக்காட்டினரிடமும் காந்த முறை 94.4 விழுக்காட்டினரிடமும் காவல் கணுவைக் கண்டுபிடித்தன. துகள் ஜெயிக்கவில்லை, சமமாக நின்றது. அதுவே போதுமானதாக இருந்தது. 2018இல் அமெரிக்க அனுமதியும் வந்தது.

இங்கே யாரும் துகளிடம் புற்றுநோயைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, கொல்லவும் சொல்லவில்லை. எந்தக் கணுவை வெட்டுவது என்று காட்டச் சொன்னார்கள். கணுவுக்குள் நோய் உண்டா என்பதை நுண்ணோக்கி பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஸ்வீடனின் உப்சாலா குழு இன்னொன்றைக் கவனித்தது. துகள் கணுவில் வாரக்கணக்கில் தங்குகிறது. பால்குழாய்க்குள் அடங்கிய ஆரம்பநிலைப் புற்று என்று நினைத்து அறுவை செய்யும் பெண்களுக்கு அன்றே துகளை மட்டும் போட்டு வைத்தார்கள், கணுவைத் தொடவில்லை. எடுத்த திசுவில் பரவும் வகை தெரிந்தால் மட்டும், சில வாரம் கழித்து வந்து, அதே ஆய்வுக்கோலால் கணுவைத் தேடி எடுத்தார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அக்குள் அறுவையே தேவைப்படவில்லை. 6 மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும் டெக்னீஷியத்தை வைத்து இதைச் செய்ய முடியாது.

தொல்லை இல்லாமல் இல்லை. காந்தக் கோல் பக்கத்தில் எஃகுக் கருவி இருந்தால் அதுவே சத்தம் எழுப்பும் என்பதால், அளக்கும்போது அறுவை அரங்கில் பிளாஸ்டிக் விரிப்பான் வைத்துக்கொள்கிறார்கள். மார்பில் பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் ஊசி போட்ட இடம் கறுத்து மறைக்கும், நானோதெர்மில் பார்த்த அதே சிக்கல், சிறிய அளவில். ஊசி போட்ட தோலில் துருக்கறை மாதிரி ஒரு பழுப்புத் திட்டும் விழும். மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும். மார்பைக் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம் இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மேலோட்டமாகப் போடாமல் ஆழமாக ஊசி போட்டால் திட்டு குறைகிறது என்பதால், இப்போது பலரும் அப்படித்தான் போடுகிறார்கள்.